உச்சியில் நின்றது யார்?

அத்தியாயம் ஏழு

இறந்து நான்கு மாதம் ஆன ஒருவர் தன் மனைவிக்குப் பார்சல் அனுப்பியிருந்தார்.

அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தபோது காலை மணி பத்தேகால். மருந்துக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி. எனக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு என் மகனின் படம். உலகத்திலேயே உயரமான மலையின் உச்சியில், சிவப்பு உடையில், குளிர்க் கண்ணாடியும் ஆக்ஸிஜன் முகமூடியும் அணிந்து, ஒரு கையை வானத்துக்கு உயர்த்தி நிற்கும் படம். வருகிறவர்கள் என் முகத்துக்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும் என்றே அங்கே மாட்டியிருந்தேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் காவல்துறையில் முப்பது வருடமும் தனியாகப் பதினோரு வருடமும் துப்புத் துலக்கியவன், ஜெயித்த வழக்குகளை மட்டும் அச்சிட்டால் அதுவும் ஒரு பொய்தான். எங்கள் குடும்பத்தில் பொய் ஏற்கெனவே தேவைக்கு மேல் ஆகிவிட்டது.

"அனுப்புனர் பேரைப் பாருங்க ஐயா," என்றாள் அவள். "என் வீட்டுக்காரர் பேரு."

"எழுத்து அவரோடதா?"

"இல்லைங்க."

"நல்லவேளை," என்றான் ஸ்டுடியோ. "மேல இருந்து தபால் வர ஆரம்பிச்சா நம்ம பொழப்பு போச்சு அத்தான். செத்தவங்களே யார் குத்தினான்னு எழுதிப் போட்டுருவாங்க."

ஸ்டுடியோ என் மனைவியின் தம்பி. போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பதால் ஊர் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். அரை நாள் கடையில் வேலை, அரை நாள் எனக்கு உதவி. வாய் மட்டும் முழு நாள்.

நான் அவனை முறைத்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. நாற்பது வயதுக்குள் இருக்கும். இடது ஆள்காட்டி விரல் நுனியில் புள்ளி புள்ளியாக ஊசி குத்திய தடம்.

"நீங்க தையல் வேலை செய்யறீங்க," என்றேன்.

"ஆமாங்க. யூனிஃபார்ம் தைக்கிற இடத்துல."

இப்படி ஒன்றைச் சொல்லி வருகிறவர்களை அசத்துவது என் வழக்கம். அன்று நான் சரியாகக் கண்டுபிடித்தது அந்த ஒன்றைத்தான்.

அவள் கணவர் தீயணைப்பு வீரர். இலாகா அவரை மலையேற்றக் குழு ஒன்றில் சேர்த்து அனுப்பியது. அவர் திரும்பவில்லை. உச்சிக்குப் போகாமல் பாதியில் நின்றவர், வழிகாட்டி சொன்னதைக் கேட்காமல் தனியாக அலைந்து பனியில் போய்விட்டார் என்று குழுவை அழைத்துப் போன நிறுவனம் கடிதம் கொடுத்தது. உடல் இன்னமும் மேலேயே இருக்கிறது. கேமரா தொலைந்துவிட்டது என்று அதே கடிதத்தில் இருந்தது.

"இப்ப அந்தக் கேமரா வந்திருக்கு," என்றாள். பெட்டியைத் திறந்து காட்டினாள். "உள்ள மெமரி கார்டு இல்ல. லெட்டரும் இல்ல. ஆனா கேமரா வந்துருச்சுன்னா, கடைசியில அவர் பக்கத்துல யாரோ இருந்திருக்காங்க இல்லைங்களா?"

"இருந்திருக்கலாம்."

"அந்த ஆளைப் பார்க்கணும். சண்டை போட இல்லைங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவர் கடைசியா என்ன சொன்னார்னு." பெட்டியை மூடினாள். "பொண்ணுக்குப் பதினொரு வயசு. 'அப்பா சொன்ன பேச்சு கேக்காம செத்துட்டாரா'ன்னு கேக்குறா. நான் அவகிட்ட என்னத்தைச் சொல்ல?"

அவள் பார்வை என் தலைக்கு மேலே போனது. படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"உங்க மகனுங்களா?"

"ஆமாம். அதே குழுவுலதான் போனான்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அவனுக்கு இதைப் பத்தித் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லைம்மா. அவன் மேல வரைக்கும் போனவன். உங்க வீட்டுக்காரர் கீழேயே நின்னவர்."

ஒரு விதவையின் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னேன்.

"நல்லா நிக்கிறார்," என்றாள் அவள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நகர மண்டபத்துல அவனுக்குப் பாராட்டு விழா. நீங்களும் வாங்க. பார்சல் அனுப்பின ஆளை அதுக்குள்ள கண்டுபிடிச்சு உங்க முன்னால நிறுத்தறேன்."

"நிறுத்துவீங்களா?"

"எங்க பரம்பரையில பாதியில விட்டவங்க கிடையாதும்மா."

அவள் தலையசைத்துவிட்டுப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேர்ந்தது.

பெட்டியைச் சுற்றியிருந்த கயிற்றை எடுத்துப் பார்த்தேன். எட்டுப் போல் மடித்துப் போட்ட முடிச்சு. என் மகன் பயணத்துக்கு முன் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டிக் கட்டிப் பழகிய அதே முடிச்சு.

"மலையேறற ஆள்தான் கட்டியிருக்கான்," என்றேன். "கயிறு நுனியைப் பாரு. பல் பதிஞ்சிருக்கு. பல்லால இழுத்து இறுக்கியிருக்கான்."

"அப்ப உங்க வயசுக்காரர் இல்ல. உங்க செட்டுல யாருக்கு இழுக்கிற அளவுக்குப் பல்லு இருக்கு?"

"அவசரக்காரன். ஒரு கையில போனைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கட்டியிருக்கான்."

எவ்வளவு திடமாகச் சொன்னேன். ஒரு கை ஏன் உதவவில்லை என்பதற்கு என் மூளை போனைத்தான் காட்டியது.

பெட்டிக்குள் கேமரா குலுங்காமல் இருக்கத் தடித்த பளபளப்புக் காகிதத்தைப் பட்டை பட்டையாகக் கசக்கி அடைத்திருந்தார்கள். நீலமும் வெள்ளையுமான பட்டைகள். ஸ்டுடியோ ஒன்றை எடுத்து நீவினான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டு அதைச் சட்டைப் பையில் போட்டான்.

"என்னது?"

"குப்பை, அத்தான்."

"குப்பையை எதுக்குப் பையில போடற?"

"வீட்டுல குப்பை கம்மியா இருக்கு."

கூரியர் அலுவலகம் மூன்றாவது தெருவில். கண்ணாடிக் கதவு, ஒரு தராசு, ஒட்டுநாடாச் சுருள்கள், காது வரை பார்சல்களுக்கு நடுவே ஒரு பெண். ரசீது எண்ணைச் சொன்னதும் நிமிர்ந்தாள்.

"அந்தாளா? மறக்க முடியுமா சார். ஃபாரத்துல அனுப்புனர் பேரு எழுதச் சொன்னா அரை மணி நேரம் நிக்கிறாரு. பின்னாடி ஆறு பேரு. அப்புறம் ஒரு பேரு சொன்னாரு. 'உங்க பேரா சார்'ன்னேன். 'இல்ல, ஆனா அவர்தான் அனுப்பறார்'ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"எழுதினது யாரு?"

"நான்தான். அவரால பேனாவைப் பிடிக்க முடியல."

"ஏன்?"

"இந்த வெயில்ல வலது கையில கிளவுஸ் போட்டிருந்தாரு சார். ஒரு கைக்கு மட்டும். பழுப்புக் கலர், தோல் கிளவுஸ். அதுல ரெண்டு விரல் உள்ள ஒண்ணுமில்லாம தொங்குச்சு."

தராசின் முள் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஸ்டுடியோவிடமிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சை எதிர்பார்த்தேன். முதல் தடவையாக அது வரவில்லை.

அந்தப் பழுப்புக் கையுறையை வாங்கிக் கொடுத்தது நான். பனி தின்றதால் மகனின் இரண்டு விரல்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஊர் முன்னால் குறையோடு போய் நிற்க வேண்டாம், நம் வீட்டுக்கு அது அழகில்லை என்று சொல்லி நான்தான் போட்டுவிட்டேன்.

தெருவுக்கு வந்ததும், "அவன் எங்கேயாவது வழியில அந்தக் கேமராவைக் கண்டெடுத்திருப்பான்," என்றேன். "சொல்லத் தயங்கியிருப்பான். அவ்வளவுதான்."

"இருக்கும்."

"என்ன இருக்கும்? வேற ஏதாவது சொல்றதுன்னா சொல்லு."

"கடைக்கு வாங்க அத்தான்," என்றான். "இங்க சொல்லக் கூடாது."

அவன் ஸ்டுடியோவின் உள்ளறையில் ஜன்னல் கிடையாது. பெரிய அச்சு இயந்திரமும் ஒரு கணினியும். மேஜைக்கு அடியில் குப்பைக் கூடை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"பெரிய படம் போடறதுக்கு முன்னாடி கலர் சரியா வருதான்னு ஒரிஜினலையும் திருத்தினதையும் துண்டு துண்டா அச்சடிச்சுப் பார்ப்பேன். அப்புறம் தூக்கி இந்தக் கூடையில போடுவேன். வெளியாள் யாரும் இந்த ரூமுக்குள்ள வர மாட்டாங்க. போன வாரம் மருமகன் வந்தான். 'மாமா, ஒரு பெட்டி வேணும்'னான். நான் வாசல்ல கஸ்டமரோட நின்னேன். அவன் உள்ள வந்து எடுத்துக்கிட்டுப் போனான்."

"சரி. அவன்தான் பார்சல் அனுப்பினான். அதுதான் தெரிஞ்சு போச்சே."

"அதுக்கு இல்ல. அவர் கேமரா இவன்கிட்ட இருந்திருக்குன்னா, இந்தப் படம் யார் கேமராவுல எடுத்தது?" கணினியைத் திறந்தான். "உங்களுக்குக் கம்பெனிக்காரன் அனுப்பின ஒரிஜினல் படம் இது. உங்க ஆபீஸ்ல மாட்டியிருக்கறது, பேப்பர்ல வந்தது, இன்னிக்கு மேடையில கட்டப் போறது எல்லாம் நான் திருத்தினது. என்ன திருத்தினேன், ஞாபகம் இருக்கா?"

"மூட்டைப் பையோட வாரை நேராக்கின."

"அப்புறம்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அவன் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினான். சிவப்பு உடையின் வலது முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் ஒட்டு.

அதைப் பார்த்த அன்று நான் சொன்ன வார்த்தைகள் இவை: நம்ம வீட்டுப் பையன் ஊர் முன்னாடி ஒட்டுப் போட்ட துணியோட நிக்கிறதா? அழிச்சிடு.

"மலையில எங்கேயாவது கிழிஞ்சிருக்கும், ஒட்டியிருப்பான்னு நினைச்சேன்," என்றேன்.

"நானும்தான் நினைச்சேன். முகப்பரு, தழும்பு, கிழிசல் எது கண்ணுல பட்டாலும் அழிக்கிறது எனக்குக் கைப்பழக்கம். அழிக்கறப்ப யாரும் உத்துப் பார்க்கறதில்ல. இப்பப் பாருங்க." இன்னும் பெரிதாக்கினான். "நாலு ஓரமும் உள்ள மடிச்சு, மெஷின்ல அடிச்ச தையல். இழை மாறாம சுத்தி ரெண்டு வரிசை. அந்த உச்சியில தையல் மெஷின் வச்சிருக்காங்களா அத்தான்? கரண்டு எங்கிருந்து எடுத்தாங்க?"

வேடிக்கைதான். அவன் குரலில்தான் அது இல்லை.

என் மகனின் உடை புத்தம் புதியது. நானே போய் வாங்கினேன். கடைச் சீட்டை நானே கத்தரித்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதில் ஓர் ஒட்டு கிடையாது. அப்படியென்றால் அது மெஷின் தையல் தெரிந்த யாரோ, கிளம்பும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தைத்த ஒட்டு. காலையில் ஊசி குத்திய விரல் ஒன்றைப் பார்த்து அறிவாளி போல ஒரு வாக்கியம் சொன்னேனே, அந்த விரல்.

"அந்த உடை செகண்ட் ஹேண்டா இருக்கும்," என்றான் ஸ்டுடியோ மெதுவாக. "எல்லாருக்கும் ஒரே சிவப்பு. முகத்துல கண்ணாடி, மாஸ்க். உங்க பையன்னு சொன்னதால உங்க பையன்."

நாற்பத்தொரு வருடத் துப்பறிவாளன் ஐந்து மாதமாக முதுகுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தது வேறொருவருடைய படத்தை.

ஐந்து மாதம் அல்ல, நான்கு. கோபத்தில் கணக்குத் தப்பும். அன்று எனக்கு வந்தது கோபம்தான். வெட்கம் அதற்குப் பிறகு வந்தது.

வீட்டில் மகன் தன் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். மாலைக்கான வெள்ளைச் சட்டையை அவன் அம்மா இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டியிருந்தாள். பழுப்புக் கையுறை மேஜைமேல் கிடந்தது. ஸ்டுடியோ கதவைச் சாத்தினான். நான் அந்தக் காகிதப் பட்டையை அவன் மடியில் போட்டேன்.

அவன் பதறவில்லை. மூச்சு விட்டான், அவ்வளவுதான். தலையில் சுமந்ததை இறக்கியவன் விடும் மூச்சு.

"நீ மேல போகல," என்றேன்.

"போகல, அப்பா."

"எவ்வளவு தூரத்துல நின்ன?"

"கண்ணுக்குத் தெரியற தூரம். கடைசி மேடு ஒண்ணுதான் பாக்கி. விரல் மரத்துப் போச்சு. ரெண்டு மணிக்கு மேல யாரா இருந்தாலும் திரும்பிடணும்னு வழிகாட்டி சொல்லியிருந்தார். இன்னொருத்தருக்கு மூச்சுத் திணறுதுன்னு அவரைக் கூட்டிக்கிட்டு இறங்கினார். 'நீயும் வா'ன்னார். வரேன்னுட்டு உட்கார்ந்துட்டேன்."

"ஏன் இறங்கல?"

அவன் என்னைப் பார்த்தான். "கிளம்பறப்ப ரயில்வே ஸ்டேஷன்ல நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா? 'பாதியில திரும்பி வந்தவன்னு நம்ம வீட்டுல ஒருத்தனும் இல்ல.'"

ஸ்டுடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்களை மட்டும் சொல்லல அப்பா. எனக்கும் வெறிதான். அங்க போய்ப் பார்த்தாத்தான் தெரியும். ராத்திரி கூடாரத்தை விட்டு வெளிய வந்தா மேகம் காலுக்குக் கீழ கிடக்கும். அதுக்கு மேல நீங்க மட்டும். கீழ இருக்கிற வேலை, கடன், யாரோ திட்டினது எதுவும் ஞாபகத்துக்கு வராது. இன்னும் நூறு அடி, இன்னும் நூறு அடின்னு அது கூப்பிடும். வழியில செத்துக் கிடக்கறவங்களைத் தாண்டித்தான் போகணும். தாண்டினேன். ஒரு தடவை கூட நின்னு பார்க்கல. அந்த மாதிரி ஆளாயிட்டோம்னு அப்பக் கூடத் தோணல."

அவனுடைய ஆக்ஸிஜன் தீர்ந்துபோனது. உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வந்தது. உச்சியில் கேமராவுக்கு டைமர் வைத்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டு தனியாக இறங்கி வந்த தீயணைப்பு வீரர் அவனைத் தாண்டிப் போகவில்லை. தன்னுடைய சிலிண்டரைக் கழற்றி அவனுக்கு மாட்டினார். கயிற்றில் சேர்த்துக் கட்டி ஒரு மணி நேரம் இழுத்து வந்தார். வழிகாட்டி திரும்பி வந்தபோது ஒருவரைத்தான் தாங்க முடியும் என்றார்.

"'பையனைக் கூட்டிப் போங்க, நான் பின்னாலயே வரேன்'ன்னார். கேமராவை என் சட்டைக்குள்ள போட்டு ஜிப்பை மேல இழுத்துவிட்டார். 'வீட்டுல குடுத்துடு'ன்னார். பின்னால திரும்பித் திரும்பிப் பார்த்தேன் அப்பா. கொஞ்ச நேரம் சிவப்பாத் தெரிஞ்சுது. அப்புறம் காத்து வந்துருச்சு."

கூடாரத்தில் நினைவில்லாமல் கிடந்தவனின் சட்டைக்குள்ளிருந்து கேமராவை எடுத்த நிறுவனத்துக்காரர், உச்சிப் படத்தைப் பார்த்துவிட்டு, அதில் நிற்பது அவனேதான் என்று எண்ணி, உங்கள் மகன் ஜெயித்துவிட்டான் என்று எனக்குப் போன் போட்டார்; மெமரி கார்டை வைத்துக்கொண்டு வெறும் கேமராவை அவன் பையில் திருப்பி வைத்தார். நான் தெரு முழுக்கச் சொன்னேன். மகனுக்கு நினைவு திரும்பியபோது அவன் காதில் போனை வைத்தார்கள்.

"நீங்க அழுதீங்க," என்றான். "நான் பொறந்ததுலேர்ந்து நீங்க அழுது பார்த்ததில்ல. 'நம்ம மானத்தைக் காப்பாத்திட்டடா'ன்னீங்க. அப்புறம் நான் எப்படிச் சொல்றது? நாளைக்கு, நாளைக்குன்னு நாலு மாசம் ஓடிப் போச்சு. பார்சலாவது அனுப்பலாம்னு தோணிச்சு. என் பேரை அனுப்புனர்னு போட வெக்கமா இருந்தது. உண்மையில அனுப்பினது அவர்தானே."

அடுத்து நான் சொன்னதை எழுதாமல் விட்டுவிடலாம். அந்த அறையில் இருந்த மூவரில் யாரும் வெளியே சொல்லப் போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

"சரி," என்றேன். "இன்னிக்கு விழா முடியட்டும். அப்புறம் அந்த அம்மாளுக்கு வேற விதமா உதவி செய்வோம். இது இந்த ரூமைத் தாண்ட வேண்டாம்."

என் மகன் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இல்லை. நான் இதைத்தான் சொல்வேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நாலு மாதமாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

ஸ்டுடியோ ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

"அத்தான், நீங்க சொன்னீங்கன்னு ஒரு மனுஷனோட முழங்காலை அழிச்சேன். அரை மணி நேர வேலை. மிச்ச ஆளையும் அழிக்கணும்னா வேற கடை பாருங்க."

முப்பத்திரண்டு வருடத்தில் என் மைத்துனன் என்னை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். கீழே அவன் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. மகன் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ள ஆரம்பித்தான். வலது கையால் பட்டன் போட முடியாமல் தடுமாறினான். நான் போட்டுவிட்டேன். ஐந்தாவது பட்டனில் அவன் மேஜைப் பக்கம் திரும்பினான்.

"கிளவுஸ்?" என்றான்.

"வேண்டாம்," என்றேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையின் பின்சுவர் முழுக்க அந்தப் படம், இருபதடி உயரம், முழங்கால் சுத்தமாக. நகராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், என் பழைய சகாக்கள், சம்பந்தி வீட்டார், முதல் மூன்று வரிசையிலும் எங்கள் சொந்தம். கடைசி வரிசையில் அந்த அம்மாள். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் குழந்தை.

தலைவர் என் பெயரைச் சொல்லி, வீரனைப் பெற்ற தந்தை இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். எழுதி வைத்திருந்த காகிதம் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"படத்துல நிக்கிறவர் என் மகன் இல்லை," என்றேன்.

ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்தது. மண்டபம் அது அடங்கக் காத்திருப்பது போல இருந்தது.

"இவர் ஒரு தீயணைப்பு வீரர். உச்சிக்குப் போனவர் இவர். இறங்கி வரும்போது என் மகனைக் கண்டு, தன்னோட மூச்சைக் கழட்டி அவனுக்குக் குடுத்தவர். அதனாலதான் அவன் இங்க உட்கார்ந்திருக்கான். அவர் அங்கேயே இருக்கார். இவர் சொன்ன பேச்சு கேக்காம செத்தார்ங்கறது பொய். என் மகன் வாயைத் திறக்கலை. திறக்க முடியாதபடி வளர்த்தவன் நான். இந்தப் படத்துல ஒரு ஒட்டு இருந்தது. எங்க வீட்டுக்கு அழகில்லைன்னு அதை அழிக்கச் சொன்னவனும் நான்."

முன்வரிசையில் என் அண்ணன் எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் சம்பந்தி போனார். ஒவ்வொரு நாற்காலியும் நகரும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. என் மனைவி மட்டும் உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் பக்கக் கதவு வழியாக ஸ்டுடியோ வந்தான். தோளில் சுருட்டிய பெரிய காகிதம், வாயில் ஒட்டுநாடா. யாரிடமும் கேட்காமல் மேடை ஏறி, நாற்காலி போட்டு நின்று, அழிக்காத அசலை அந்தப் பெரிய படத்தின் மேலேயே ஒட்டினான். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டினான். மஞ்சள் ஒட்டு மண்டபத்தின் கடைசி வரை தெரிந்தது.

அந்த அம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவழியே நடந்து வந்தாள். நான் மேடையை விட்டு இறங்கினேன்.

"நீங்க கேட்ட ஆளை உங்க முன்னால நிறுத்திட்டேம்மா," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "என் மகன்தான்."

"தெரியுங்க ஐயா," என்றாள்.

கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்தாள். பெட்டிக்குள் இருந்தவை போன்ற இன்னொன்று. மற்றதெல்லாம் கசங்கியிருக்க, இது மட்டும் மடிப்பு விழாமல் இருந்தது. அதில் நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. சிவப்பு முழங்காலும் மஞ்சள் ஒட்டும் இருந்தன.

"கேமராவுக்கு மேல இதைத் தனியா வச்சிருந்தாங்க. என் தையல் எனக்குத் தெரியாதுங்களா? பேப்பர்ல வந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதே படம்தான், முட்டி மட்டும் சுத்தமா இருந்துச்சு. உங்க ஆபீஸ்லயும் அப்படியே இருந்துச்சு. யாரோ அழிச்சிருக்காங்க. அது பையனா, நீங்களா, தெரியல." நேராகப் பார்த்தாள். "அதான் கேஸை உங்ககிட்டயே குடுத்தேன். கண்டுபிடிச்சதும் என்ன செய்யறீங்கன்னு பார்க்கணும்னு இருந்துச்சு."

மத்தியானம் அந்த அறையில் நான் சொன்ன வாக்கியம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மகன் மேடைப் படியில் வந்து நின்றான். கையுறை இல்லாத கையை மறைக்காமல் தொங்கவிட்டிருந்தான். அந்த அம்மாள் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"தம்பி, அவர் கடைசியா என்ன சொன்னார்?"

"கேமராவைக் குடுத்துட்டு..." அவன் ஒரு படி இறங்கினான். "முட்டியைத் தட்டிக் காட்டினார், அக்கா. 'உடம்பு பூரா குளிருதுடா. இது ஒண்ணு மட்டும் குளிரல'ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். குனிந்து மகளிடம்தான் பேசினாள்.

"உள்ள கம்பளித் துண்டு வச்சு ரெண்டு மடிப்பாத் தைச்சேன். வெளிய தெரியாது."

குழந்தை மேடை ஏறிப் போய், எம்பி, கோணலாக ஒட்டியிருந்த படத்தின் முழங்காலில் உள்ளங்கையை வைத்தது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.